உறங்கும் காரும் உறங்காத வேதியியலும்

ஒரு காரை நிழலில் நிறுத்திப் பூட்டிவிட்டு, ஆறு மாதம் கழித்து வந்து பார்க்கிறீர்கள். சக்கரங்கள் தேயவில்லை. எஞ்சின் சூடேறவில்லை. நிறுத்திய நாளில் இருந்தது போலவே அது இன்றும் இருக்க வேண்டும் அல்லவா? 2020ஆம் ஆண்டில் நம் நாட்டில் பலரும் அப்படித்தான் எண்ணினார்கள். எண்ணியவர்கள் ஏமாந்தார்கள்.

அவ்வாண்டு மார்ச் 25ஆம் நாள் கொரோனா நோய்த்தொற்றை முன்னிட்டு நாடெங்கும் ஊரடங்கு தொடங்கியது. குறிஞ்சிப்பாடியில் என் நண்பர் ஒருவர் தம்முடைய ஹைபிரிட் காரைக் கொட்டகையில் நிறுத்தினார். பெட்ரோல் எஞ்சினும் மின்மோட்டாரும் சேர்ந்து இயக்கும் கலப்பினக் கார் அது, பழையதாக வாங்கியது. செப்டம்பர் மாதத்தில் ஒரு நாள், தாயாரைக் கண் சிகிச்சைக்குக் கடலூருக்கு அழைத்துச் செல்ல அதன் கதவருகே போனார். கதவு திறக்கவில்லை. சாவிக்குள் ஒளித்து வைத்திருந்த இரும்புச் சாவியால் திறந்து உட்கார்ந்து பொத்தானை அழுத்தினார். ஒரு விளக்குகூட எரியவில்லை. பார்க்க வந்தவர்கள், "பெரிய பேட்டரி போய்விட்டது, இலட்சக்கணக்கில் செலவாகும், வந்த விலைக்குத் தள்ளிவிடுங்கள்" என்றார்கள். விற்றுவிடும் முடிவுக்கே அவர் வந்துவிட்டார். அதற்கு முன் எதற்கும் ஒரு முறை பார்க்கலாமே என்று, இயற்பியல் ஆசிரியன் என்பதால் என்னைக் கூப்பிட்டார்.

நான் கொண்டுபோனது ஒரு மல்ட்டிமீட்டர் மட்டுமே. அது காட்டிய விடையைப் புரிந்துகொள்ள, நாம் 160 ஆண்டுகளுக்கும் மேலாகப் பின்னோக்கிச் செல்ல வேண்டும்.

பாரிசில் பிறந்த சேமக்கலம்

1859ஆம் ஆண்டு. பிரெஞ்சு இயற்பியல் அறிஞர் காஸ்டன் பிளாண்டே இரண்டு காரீயத் தகடுகளை, ஒன்றையொன்று தொடாதபடி இடையில் பட்டைகள் வைத்துப் பாய் போலச் சுருட்டினார். சுருளை நீர்த்த கந்தக அமிலத்தில் இறக்கி அதில் மின்னோட்டத்தைச் செலுத்தினார். பின்பு தகடுகளை ஒரு கம்பியால் இணைத்தபோது, செலுத்திய மின்சாரம் எதிர்த்திசையில் திரும்பி வந்தது!

அதற்கு முன்பும் மின்கலங்கள் இருந்தன. ஆனால் அவற்றிலுள்ள பொருள்கள் தீர்ந்துவிட்டால் புதிய பொருள்களை இட வேண்டும். பிளாண்டேயின் கலமோ தீர்ந்தபின் மீண்டும் மின்னேற்றம் பெறும். பள்ளிப் பாடத்தில் நாம் படிக்கும் காரீய அமிலச் சேமக்கலம் இதுவே. 1860இல் இத்தகைய ஒன்பது கலங்களைச் சேர்த்த அடுக்கு ஒன்றை அவர் பிரெஞ்சு அறிவியல் கழகத்தின் முன் வைத்தார். 1881இல் கமில் ஃபோர் என்பவர் தகடுகளின் மேல் காரீய ஆக்சைடுக் குழம்பைப் பூசும் முறையைக் கண்டார். இதனால் சேமக்கலத்தின் கொள்திறன் பெருகியது. தொழிற்சாலையில் செய்து விற்கவும் வழி பிறந்தது.

இக்கலத்தினுள் நடப்பது என்ன? 1882இல் கிளாட்ஸ்டன், டிரைப் என்னும் இருவர் இதற்கு விளக்கம் தந்தனர். மின்னிறக்கத்தின்போது நேர்மின் தகட்டிலுள்ள காரீய டை ஆக்சைடும், எதிர்மின் தகட்டிலுள்ள காரீயமும் ஆகிய இரண்டுமே காரீய சல்பேட்டாக மாறுகின்றன. அமிலம் செலவாகி நீர் உண்டாகிறது. மின்னேற்றும்போது எல்லாம் தலைகீழாக நடக்கிறது.

இந்தக் காரீய சல்பேட்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நண்பரின் காரை முடக்கிய குற்றவாளி அதுதான்.

'என்றும் உயிருடன்'

சேமக்கலம் வந்ததும் அதைக் கொண்டு வண்டி ஓட்டும் ஆசை பிறந்தது. ஆனால் காரீயம் கனமான உலோகம். தொலைவு போக வேண்டுமானால் பேட்டரியின் எடை ஏறுகிறது. எடை ஏறினால் அதைச் சுமக்கவே மின்சாரம் செலவாகிறது. இந்தச் சிக்கலுக்கு வியன்னாவில் லோனர் நிறுவனத்தில் பணியாற்றிய இளம் பொறியாளர் ஃபெர்டினண்ட் போர்ஷே 1900ஆம் ஆண்டில் ஒரு வழி கண்டார். முன்சக்கரங்களின் குடத்திலேயே மின்மோட்டார்களை வைத்தார். வண்டியில் பெட்ரோல் எஞ்சின்களை ஏற்றி, அவற்றைக் கொண்டு மின்னாக்கிகளைச் சுழற்றினார். ஓடும்போதே மின்சாரம் உண்டாகும்; பேட்டரி தீர்ந்துவிடுமே என்ற கவலை இல்லை. இந்தக் கலப்பினக் காருக்கு அவர் வைத்த இலத்தீன் பெயர் 'செம்பெர் விவுஸ்'. 'என்றும் உயிருடன்' என்பது பொருள்.

பெயர் அழகுதான். ஆனால் அது ஓடிக்கொண்டிருக்கும் காருக்கே பொருந்தும். நிறுத்தி வைத்த காருக்கு அந்த வாக்குறுதி இல்லை!

அக்காலத்துப் பெட்ரோல் கார்களை எஞ்சினின் முன்புறம் இரும்புக் கைப்பிடியைச் செருகி, கையால் சுழற்றித்தான் கிளப்ப வேண்டும். கைப்பிடி பின்னுதைத்தால் மணிக்கட்டு முறியும். அமெரிக்காவில் சார்லஸ் கெட்டரிங் உருவாக்கிய மின்கிளப்பி 1912ஆம் ஆண்டின் கேடிலாக் கார்களில் இடம்பெற்றதும் இத்தொல்லை ஒழிந்தது. அதற்கு மின்சாரம் தர ஒரு காரீய அமில பேட்டரி காருக்குள் புகுந்தது. மின்கார்களைச் சுமந்து வந்த அதே சேமக்கலம் இப்போது பெட்ரோல் காரைக் கிளப்ப எளிதாக்கி, மின்கார்களைச் சாலையிலிருந்து அகற்றவும் துணை செய்தது என்பது வரலாற்றின் வேடிக்கை.

ஒரு காரில் இரண்டு பேட்டரிகள்

1997 டிசம்பரில் ஜப்பானில் டொயோட்டா நிறுவனம் பிரியஸ் என்னும் கலப்பினக் காரை விற்பனைக்குக் கொண்டுவந்தது. இந்தியாவில் அது 2010இல் அறிமுகமாயிற்று. 2013 முதல் கர்நாடகத்தின் பிடதியில் கேம்ரி ஹைபிரிட் கார்கள் பூட்டப்பட்டன. 2022இல் ஹோண்டா சிட்டி, மாருதி கிராண்ட் விட்டாரா, டொயோட்டா ஹைரைடர் ஆகியவற்றின் ஹைபிரிட் வகைகள் வந்தபின் இத்தொழில்நுட்பம் சிற்றூர்ச் சாலைகளையும் எட்டியிருக்கிறது.

இக்கார்களில் இரண்டு பேட்டரிகள் உண்டு. பெரியது மோட்டாரை இயக்குகிறது. மூன்றாம் தலைமுறைப் பிரியசில் அது 168 நிக்கல்-உலோக ஹைட்ரைடு கலங்களின் தொடர்; கலத்துக்கு 1.2 வோல்ட் வீதம் 201.6 வோல்ட். சிறியதோ ஆறு கலங்கள் கொண்ட, நாம் நன்கறிந்த 12 வோல்ட் காரீய அமில பேட்டரி.

பெரியது இருக்கச் சிறியது எதற்கு? பாதுகாப்புக்காக, காரை அணைத்ததும் பெரிய பேட்டரியின் இணைப்பு ரிலேக்களால் துண்டிக்கப்படுகிறது. மீண்டும் அந்த ரிலேக்களை மூடவும், காரின் கணிப்பொறிகளை விழிக்கச் செய்யவும் சிறிய பேட்டரியின் மின்சாரம் வேண்டும். அந்தச் சில ஆம்பியர்கள் இல்லையென்றால், உள்ளே 200 வோல்ட் இருந்தும் கார் வெறும் இரும்புப் பெட்டிதான். பெரும்பாலான ஹைபிரிட் கார்களில், நிறுத்தியிருக்கும் நேரத்தில் பெரியது சிறியதற்குக் கடன் கொடுக்கவும் முடியாது. இடையிலுள்ள கதவு சாத்தியிருக்கிறதே!

நெய்வேலியைச் சுற்றி வாழும் எங்களுக்கு இது புதிதன்று. 1962இல் மின்னாக்கத்தைத் தொடங்கிய நெய்வேலி அனல்மின் நிலையத்தை எண்ணிப் பாருங்கள். கொதிகலனுக்கு நீர் இறைக்கும் பம்புகள், காற்றூதும் விசிறிகள், பழுப்பு நிலக்கரியைக் கொண்டு சேர்க்கும் பட்டைகள் ஆகிய எல்லாம் ஓட மின்சாரம் வேண்டும். மின்சாரம் ஆக்கும் நிலையம் தொடங்கவும் மின்சாரம் வேண்டும்! வழக்கமாக அது மின்தொகுப்பிலிருந்து கிடைக்கிறது. தொகுப்பே வீழ்ந்தால்? 2012 ஜூலை 30, 31 நாட்களில் வட இந்தியாவில் அப்படி வீழ்ந்தபோது, சிறிதளவு மின்சாரத்தால் கிளம்பக்கூடிய நீர்மின் நிலையங்கள் முதலியவற்றைக் கொண்டு பெரிய அனல் நிலையங்களை எழுப்பினார்கள். தென்னகத் தொகுப்பு அன்று தனித்திருந்ததால் நாம் தப்பினோம்; அது பிற தொகுப்புகளுடன் இணைந்தது 2013 டிசம்பர் 31இல்தான். பெரியதைச் சிறியது எழுப்புகிறது என்ற இதே முறைதான் ஹைபிரிட் காரிலும்.

ஒரு சிறு கணக்கு

பூட்டிய காரில் திருட்டு எச்சரிக்கைக் கருவி, சாவியின் குறிப்பலையை எதிர்பார்க்கும் ஏற்பி, கடிகாரம் ஆகியவை விழித்தேயிருக்கின்றன. அவை எடுக்கும் மின்னோட்டம் 30 மில்லி ஆம்பியர் என்று கொள்வோம். ஒரு நாளைக்கு 0.03 × 24 = 0.72 ஆம்பியர்-மணி. பேட்டரியின் கொள்திறன் 45 ஆம்பியர்-மணியானால், 45 ÷ 0.72 = 62 நாட்கள். இரண்டே மாதத்தில் காலி! ஆறு மாதம் எங்கே, இது எங்கே?

இதனுடன் தன்மின்னிறக்கமும் சேர்கிறது. எதையும் இணைக்காவிட்டாலும் தகடுகளும் அமிலமும் தமக்குள் மெல்ல வினைபுரிந்துகொண்டேயிருக்கும். வெப்பநிலை 10 பாகை உயர்ந்தால் இந்த வேகம் ஏறக்குறைய இரட்டிக்கும். கடலூர் மாவட்டத்தின் சித்திரை வெயிலில், தகரக் கொட்டகைக்குள் இதன் விளைவு என்னவாகும் என்பதை நீங்களே ஊகிக்கலாம்.

காலியாவதைவிடக் கொடியது காலியாகவே கிடப்பது. புதிதாகப் படிந்த காரீய சல்பேட் நுண்துகள்களாக இருக்கும். மின்னேற்றினால் எளிதில் கரைந்து பழைய நிலைக்குத் திரும்பும். நாட்கள் செல்லச் செல்ல நுண்துகள்கள் கரைந்து பெரும்படிகங்களாகத் திரள்கின்றன. மின்சாரத்தை எளிதில் கடத்தாத அவை தகட்டை ஓடு போல மூடிவிடுகின்றன. பிறகு எவ்வளவு மின்னேற்றினாலும் பழைய கொள்திறன் முழுவதும் மீளாது.

பெரிய பேட்டரியும் இறங்கும். நிக்கல் வகையில் தன்மின்னிறக்கம் அதிகம். லித்தியம் வகையில் குறைவு. ஆனால் கணிப்பொறி அதை முற்றிலும் தீர்ந்துபோக விடாமல் மிச்சம் வைத்தே துண்டிப்பதால், சில மாதங்கள் வரை பொதுவாகத் தாங்கும்.

எழுப்பும் முறை

நண்பரின் காரில் சிறிய பேட்டரி பின்புற டிக்கிக்குள் இருந்தது. டிக்கியின் பூட்டோ மின்சாரத்தால் திறப்பது! பின்னிருக்கையைச் சாய்த்து உள்ளே தவழ்ந்துபோய், பூட்டின் கைநெம்பைத் தேடித் திறந்தோம். மல்ட்டிமீட்டர் 7 வோல்ட்டுக்கும் குறைவாகக் காட்டியது. நல்ல நிலையில் ஆறு கலங்களும் சேர்ந்து 12.6 வோல்ட் காட்ட வேண்டும். 12க்குக் கீழே போனாலே ஏறத்தாழக் காலி என்று பொருள்.

இனி, உங்களுக்கு இந்நிலை நேர்ந்தால் செய்ய வேண்டியவை. முதலில் எலி கடித்த ஒயர் இருக்கிறதா, டயரில் காற்று இருக்கிறதா என்று பாருங்கள். ஆரஞ்சு நிறக் கேபிள்களைத் தொடாதீர்கள். அவை பெரிய பேட்டரியின் உயர் மின்னழுத்தத்துக்கு உரியவை, உயிரைப் பறிக்கக்கூடியவை. சிறிய பேட்டரியைக் காற்றோட்டமான இடத்தில், கொள்திறனில் பத்தில் ஒரு பங்கு மின்னோட்டத்தில், அதாவது 45 ஆம்பியர்-மணிக்கு 4 ஆம்பியர் அளவில், பொறுமையாக மின்னேற்றுங்கள். அப்போது ஹைட்ரஜன் வாயு வெளிப்படலாம். அருகில் தீக்குச்சியோ பீடியோ கூடாது. நேர், எதிர் முனைகளை மாற்றி இணைத்தால் ஒரு நொடியில் மின்னணுக் கருவிகள் பாழாகும். சிறிய பேட்டரி நன்றாக இருந்தும் கார் இயக்க நிலைக்கு வரவில்லையென்றால், பெரியது மிகவும் இறங்கியிருக்கலாம். அது பயிற்சி பெற்றவரின் வேலை. நாம் கை வைக்கக் கூடாது.

இரவு முழுவதும் மின்னேற்றி, மறுநாள் காலை பொத்தானை அழுத்தினோம். பலகையில் விளக்குகள் எரிந்தன. பெரிய பேட்டரியின் அளவுகோலில் இரண்டு கோடுகள் மிச்சமிருந்தன. சில நொடிகளில் எஞ்சின் தானே உறுமி அதற்கு மின்னேற்றத் தொடங்கியது. நண்பரின் தாயார் அன்றே கடலூருக்குப் புறப்பட்டார். இரண்டு வாரம் கழித்துச் சிறிய பேட்டரி மறுபடி படுத்துவிட்டது. சல்பேட் படிகங்கள் தம் வேலையைச் செய்துவிட்டிருந்தன. புதியதற்குச் சில ஆயிரம் ரூபாய் ஆயிற்று. இலட்சங்கள் தேவைப்படவில்லை; காரையும் விற்கவில்லை.

இந்த இழப்பையும் தவிர்த்திருக்கலாம். வாரம் ஒரு முறை காரை 'ரெடி' நிலையில் ஒரு மணி நேரம் வைத்திருந்தால், பெரியது சிறியதை நிரப்பிவிடும். அதற்கு வசதியில்லாதவர்கள் முழுதும் மின்னேற்றியபின் சிறிய பேட்டரியின் எதிர்முனை இணைப்பைக் கழற்றி வைக்கலாம். கொட்டகைக்குள் எஞ்சின் ஓடும்போது கதவுகள் திறந்திருக்க வேண்டும் என்பதை மறவாதீர்கள். புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு மணமற்ற நஞ்சு.

இத்துறை நமக்கு அயலானதும் அன்று. அழகப்ப செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 இலட்சம் ரூபாயும் வழங்க, 1948இல் நேரு அடிக்கல் நாட்டி, 1953 ஜனவரி 14இல் திறக்கப்பட்ட காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வு நிலையம் சேமக்கலங்களை ஆராய்ந்து வருகிறது. பாடப்புத்தகத்தில் சேமக்கலம் பற்றிய பகுதியை மதிப்பெண்ணுக்காக மட்டும் படித்துக் கடந்துவிடும் மாணவர்களுக்கு ஒன்று சொல்வேன். அந்த ஒரு பக்கம் தெரிந்திருந்தால், ஒரு குடும்பத்தின் காரை அடிமாட்டு விலைக்குப் போகாமல் காக்க முடியும். இன்று மாலையே உங்கள் வீட்டு வண்டியின் பேட்டரியில் ஒரு மல்ட்டிமீட்டரை வைத்துப் பாருங்கள்; அது எத்தனை வோல்ட் காட்டுகிறது?