மதிலுக்கு உள்ளே வயல்

ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2 ஆடின யாருக்கும் இந்தக் குழப்பம் தெரிஞ்சிருக்கும். ஒரு ஃபார்ம் போட 60 மரம். கல்மதில் எழுப்ப ஒரு கட்டத்துக்கு 5 கல். கோட்டைக்கு 650 கல். மரம் வெட்டுறதும் கல் உடைக்கிறதும் உழுறதும் அதே வில்லேஜர்கள்தான். நாலு பேரைக் கல்லுக்கு அனுப்பினால் நாலு ஃபார்ம் தள்ளிப்போகும். ஃபார்மையே போட்டுக்கொண்டிருந்தால் எதிரிக் குதிரை நேராக வீட்டுக்குள் வந்துவிடும்.

போன மாதம் தம்பி மகனோடு ஆடினேன். நான் எடுத்தது பைசாண்டியர்களை. கட்டடங்களுக்கு உறுதி அதிகம் உள்ள கூட்டம், கடைசிக் காலகட்டத்தில் 40 சதவீதம் வரை கூடுதல். ஊரைச் சுற்றி மதில் எழுப்பிவிட்டு நிம்மதியாக உட்கார்ந்தேன். பாதி ஃபார்ம் மதிலுக்கு வெளியே. அவன் மதில் பக்கமே வரவில்லை. பத்துக் குதிரைகளை அனுப்பி, வெளியே உழுதுகொண்டிருந்தவர்களை வெட்டிவிட்டுப் போனான். மதிலில் ஒரு கல்கூடப் பெயரவில்லை, ஆனால் சாப்பாடு தீர்ந்து நான் தோற்றேன். "பெரியப்பா, மதிலைச் சாப்பிட முடியாது" என்றான்.

அந்த எரிச்சலில்தான் நிஜ பைசாண்டியர்கள் இதை எப்படிச் சமாளித்தார்கள் என்று படிக்க ஆரம்பித்தேன். அவர்கள் தலைநகரம் கான்ஸ்டான்டினோபிள், இன்றைய இஸ்தான்புல். முதலில் கான்ஸ்டன்டைன் ஒரு மதில் கட்டினார். அதற்கு ஏறக்குறைய ஒன்றரை கிலோமீட்டர் மேற்கே, 413ஆம் ஆண்டு வாக்கில், இன்னொரு மதில் எழுந்தது. பேரரசர் இரண்டாம் தியோடோசியஸுக்கு அப்போது வயது 12. வேலையை நடத்தியவர் அவருடைய தலைமை அதிகாரி அந்தேமியஸ். புது மதில் சுமார் 5 சதுர கிலோமீட்டர் நிலத்தைக் கூடுதலாக வளைத்துக்கொண்டது. அதில் வீடுகள் குறைவு. தோட்டங்கள், வயல்கள், மடங்கள், தண்ணீர் தேக்கும் பெரிய திறந்த தொட்டிகள் இவைதான் அதிகம்.

விளையாட்டில் நாம் வீட்டைச் சுற்றி மதில் கட்டுகிறோம். அவர்கள் தோட்டத்தையும் சேர்த்துக் கட்டினார்கள்.

அதே 413இல் வந்த ஒரு சட்டம் எனக்கு ரொம்பப் பிடித்தது. யாருடைய நிலத்தின் வழியாக மதில் போனதோ, அவர்களே அங்குள்ள கோபுரங்களைப் பயன்படுத்திக்கொள்ளலாம். பதிலுக்குப் பழுது பார்க்கும் செலவு அவர்கள் பொறுப்பு. பல கோபுரங்களில் கீழ் அறைக்கும் மேல் அறைக்கும் உள்வழியே கிடையாது. மேலே காவல், கீழே நிலக்காரரின் சாமான். நிலத்தை இழந்தவனையே மதிலுக்குக் காவல்காரனாக ஆக்கிவிட்டார்கள்!

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். உள்ளே விளைந்ததை மட்டும் வைத்து அந்த நகரம் பிழைக்கவில்லை. கீரையும் காய்கறியும் உள்ளே கிடைக்கும். கோதுமை எகிப்திலிருந்து கப்பலில் வந்தது. ஏழாம் நூற்றாண்டில் எகிப்து கைவிட்டுப் போனதும் அந்தக் கணக்கு உடைந்தது. அதனால், அரபுப் படை வரப்போகிறது என்று தெரிந்தபோது பேரரசர் இரண்டாம் அனஸ்தாசியஸ் போட்ட உத்தரவு கடுமையானது: மூன்று வருடத்துக்கு உணவு சேர்த்துவைக்க முடிந்தவர்கள் இருங்கள், முடியாதவர்கள் ஊரைவிட்டுப் போங்கள். 717இல் முற்றுகை வந்தது. கிரேக்கத் தீ எதிரிக் கப்பல்களை எரித்தது. அந்தக் குளிர்காலத்தில் பட்டினி கிடந்தது வெளியே இருந்த படைதான். குதிரை, ஒட்டகம் எல்லாம் அடித்துத் தின்றார்கள். 718இல் கிளம்பிவிட்டார்கள்.

சரி, மதிலும் வயலும் சேர்ந்தால் வெற்றி, இத்துடன் கட்டுரையை முடித்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் அடுத்த 700 வருடக் கதை அப்படி முடியவில்லை.

1204இல் சிலுவைப் போர்வீரர்கள் நகரைச் சூறையாடினார்கள். பின்னால் கொள்ளைநோயும் வந்தது. மக்கள் குறையக் குறைய, மதிலுக்குள் வயல் பெருகியது. 1330களில் அங்கே போன இபன் பதூதா (பிற்பாடு நம் மதுரைக்கும் வந்துபோன அதே ஆள்தான்) மதிலுக்குள் சுமார் 13 கிராமங்கள் இருந்ததாக எழுதுகிறார். 1403இல் வந்த ஸ்பானியத் தூதர் கிளாவிஹோவும் உள்ளே தோப்பும் வயலும் பார்த்தார். அதற்குச் சற்று முன்புவரை, 1394 முதல் 1402 வரை, ஒட்டோமான் சுல்தான் பயஸீதின் முற்றுகை. உள்ளே வயல் இருந்தும் பஞ்சம். அடுப்புக்கு விறகில்லாமல் வீடுகளைப் பிரித்து எரித்தார்கள்.

1453இல் கடைசி முற்றுகை. கடலோர மதிலையும் சேர்த்தால் காக்க வேண்டிய நீளம் சுமார் 20 கிலோமீட்டர். ஆயுதம் எடுக்கக்கூடிய உள்ளூர்க்காரர்களை எண்ணிப் பார்த்தார்கள். 5,000 பேர்கூட இல்லை. பேரரசர் பதினொன்றாம் கான்ஸ்டன்டைன் அந்த எண்ணிக்கையை வெளியே சொல்லாதே என்றார். வெளிநாட்டவரைச் சேர்த்தால் ஏறக்குறைய 7,000. மூன்று மீட்டருக்கு ஒரு ஆள், அவனும் தூங்கக் கூடாது!

பீரங்கிதான் காரணம் என்பார்கள். பீரங்கி பெரிய காரணம், மறுக்கவில்லை. ஆனால் அது உடைத்த இடத்தை ஒவ்வொரு ராத்திரியும் மண்ணும் மரமும் போட்டு அடைத்துக்கொண்டே இருந்தார்கள், பகலில் சண்டை போட்ட அதே ஆட்கள். நடுவில் சிலர், வீட்டில் பிள்ளைகளுக்குச் சாப்பாடு இல்லையென்று மதிலை விட்டு இறங்கிப் போனார்கள். அவர்கள் வீடுகளுக்கு உணவு பங்கிட்டுக் கொடுக்க பேரரசர் தனி ஏற்பாடு செய்ய வேண்டியிருந்தது. மே 29 அன்று நகரம் விழுந்தது.

இந்த இடத்தில்தான் எனக்கு உறைத்தது. விளையாட்டில் கட்டிய மதில் தானாக நிற்கும். அதற்குச் சோறு வேண்டாம், தூக்கம் வேண்டாம். அதனால் மதிலா ஃபார்மா என்பது கல்லா மரமா என்கிற கணக்காக நமக்குத் தெரிகிறது. நிஜத்தில் மதிலில் நின்றவனும் வீட்டுக்குச் சோறு தேட வேண்டியவனும் ஒரே ஆள். அவன் குறைந்தபோது, 1,000 வருடம் காப்பாற்றிய மதிலின் நீளமே பாரமாகிவிட்டது.

அந்த மதிலை ஒட்டி யெடிகுலே பகுதியில் இன்றும் கீரைத் தோட்டங்கள் இருக்கின்றன. அந்த ஊர் லெட்டூஸ் கீரை பேர்போனது. பழைய தண்ணீர்த் தொட்டிகள் வற்றியபின் அவற்றிலும் தோட்டம் போட்டார்கள். பேரரசு போயும் பாத்தி மிச்சமிருக்கிறது.

அடுத்த ஆட்டத்தில் ஃபார்ம்களை உள்ளே வைத்துத்தான் மதில் கட்டப்போகிறேன், அதுவும் சின்னதாக. தம்பி மகனிடம் இன்னும் சொல்லவில்லை.