நாகத்தகட்டுக் கூரையின் கீழ்

பாரிசுக்கு வந்த எம்மவரில் பலருக்கு முதல் முகவரி ஆறாம் மாடி, இல்லாவிட்டால் ஏழாம் மாடி. லிஃப்ற் அந்தளவுக்கு வராது. பல கட்டிடங்களில் லிஃப்றே இல்லை. பின்பக்கத்து ஒடுங்கிய படிகளால் ஏறவேண்டும். நடைபாதையின் முடிவில் எல்லோருக்கும் பொதுவாக ஒரு கழிப்பறை. அறைக்குள் சரிந்த கூரை. நிமிர்ந்தால் தலை இடிக்கும். 1986இல் அப்படியோர் அறையில் நாங்கள் நாலுபேர் முறைவைத்துப் படுத்தோம். றெஸ்ரோறன்டில் கோப்பை கழுவிவிட்டு இரவு ஒரு மணிக்கு வருபவன், விடிய வேலைக்கு எழும்புபவனின் இடத்துக்காகக் காத்திருப்பான்.

கோடையில் அந்த அறை போறணைதான். ஆனாலும், "எங்கடை ஊர் வெயிலைக் கண்ட எங்களுக்கு இதென்ன புதுசே?" என்று சொல்லிச் சிரிப்போம். அந்தச் சிரிப்பு பிழை என்று விளங்க எனக்கு 17 வருடங்கள் எடுத்தன.

எமக்குக் கிடைத்த அந்த அறைக்கு ஒரு சரித்திரம் உண்டு. மூன்றாம் நெப்போலியன் காலத்தில், 1853 முதல் 1870 வரை, ஓஸ்மான் என்பவர் பாரிசின் பெரிய அதிகாரியாக இருந்து பழைய நகரை இடித்து அகன்ற வீதிகளையும் அவற்றின் இருமருங்கிலும் கல் மாளிகைகளையும் எழுப்பினார். வசதியானவர்களுக்கு இரண்டாம் மாடி. அவர்கள் வீட்டு வேலைக்காரிகளுக்குக் கூரையின் கீழ் உச்சி மாடி. அவர்கள் முன்படியால் ஏறக்கூடாது என்பதற்காகத்தான் அந்தப் பின்படி. காலப்போக்கில் வேலைக்காரிகள் போனார்கள். மாணவர்களும் பிறநாட்டுத் தொழிலாளரும் வந்தார்கள். 1983க்குப் பின் நாங்களும் வந்தோம்.

அந்தக் கூரைக்குப் போட்டது நாகத்தகடு. பாரம் குறைவு, விலை மலிவு, விரும்பியபடி வளைக்கலாம். இன்றும் பாரிசின் கூரைகளில் பத்துக்கு எட்டு இந்தத் தகடுதான். அதை வேயும் தொழிலாளரின் கைத்திறனை 2024இல் யுனெஸ்கோ தொட்டுணரமுடியாத பண்பாட்டு மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. அழகு அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் படம் பிடிப்பவர் கூரைக்கு மேலே நிற்கிறார். நாங்கள் கீழே கிடந்தோம்.

ஊரில் சித்திரை வந்தால் படுக்கை விறாந்தைக்கும் முற்றத்துக்கும் மாறும். பனையோலைக் கூரை வெயிலை இலகுவில் உள்ளே விடாது. வேய்ச்சலின் இடுக்குகளால் புழுக்கம் வெளியேறும். சாணி மெழுகிய தரை குளிர்ந்து கிடக்கும். பின்னர் சோழகக் காற்றும் வரும். பகல் எவ்வளவு எரித்தாலும் இரவில் உடம்புக்கு ஓர் ஆறுதல் இருந்தது. பாரிஸ் வீடு குளிரை நினைத்துக் கட்டியது. கீழ்மாடிகளில் தடித்த கற்சுவர் உண்டு. பகலில் மரக்கதவடைப்பை மூடி இரவில் திறந்தால் ஓரளவு தாங்கலாம். உச்சி அறைக்கோ மெல்லிய தகடு, பலகை, சாந்து, அவ்வளவுதான். கூரை யன்னல் பலவற்றுக்கு மூட அடைப்பும் இல்லை. பகலெல்லாம் தகடு வாங்கிய சூடு அறைக்குள் இறங்கும். இரவில் வீதித் தாரும் கற்சுவர்களும் தாம் பிடித்துவைத்த வெக்கையை விடுவதால் யன்னலைத் திறந்தாலும் பயன் குறைவு.

இது வெறும் அசௌகரியம் அல்ல என்று 2003 ஓகஸ்டில் தெரிந்தது. பாரிசில் தொடர்ந்து ஒன்பது நாட்கள் வெப்பம் 35 பாகையைத் தாண்டியது. கடைகளில் மின்விசிறி முடிந்துவிட்டது. ஆனால் கொன்றது பகல் அல்ல, இரவு. ஓகஸ்ட் 11ஆம் திகதி இரவு நகரில் வெப்பம் 25.5 பாகைக்குக் கீழே இறங்கவேயில்லை. பகலில் உடம்பைக் குளிர்விக்க இதயம் கூடுதலாக உழைக்கிறது. இரவில்தான் அது ஓய்கிறது. ஒருநாள் நித்திரை கெட்டால் சமாளிக்கலாம். அடுத்தடுத்து ஒரு கிழமை என்றால் முதியவரின் இதயம் தாங்காது. முதுமையில் தாகமும் வியர்வையும் குறைவு என்பதால், தான் வாடுவதே அவருக்குத் தெரியாது.

ஓகஸ்ட் பிரான்சில் விடுமுறை மாதம். பிள்ளைகள் கடற்கரையில், வைத்தியர்கள் விடுமுறையில், அமைச்சர்களும் அப்படித்தான். அவசரசிகிச்சை வைத்தியர்கள் 10ஆம் திகதியே அபாயக்குரல் எழுப்பினார்கள். மறுநாள் சுகாதார அமைச்சர் விடுமுறை வீட்டிலிருந்து, மேலங்கிகூட இல்லாமல், ரீவியில் தோன்றிப் பேசினார். 18ஆம் திகதி சுகாதாரத் துறையின் பணிப்பாளர் நாயகம் பதவி விலகினார். சவச்சாலைகளில் இடமில்லாமல் றன்ஜிஸ் சந்தைப் பக்கத்துக் குளிர்க்களஞ்சியத்தில் உடல்களை வைத்தார்கள். ஓகஸ்ட் 1 முதல் 20 வரை வழமையைவிடக் கூடுதலாக 14,802 பேர் இறந்ததாக இன்செர்ம் ஆராய்ச்சி நிறுவனம் கணக்கிட்டது. பெரும்பாலானோர் 75 வயதைக் கடந்தவர்கள். செப்டெம்பர் 3ஆம் திகதி, உரிமைகோர எவரும் வராத 57 பேரைத் தியே மயானத்தில் அடக்கம் செய்தபோது சனாதிபதி சிராக் வந்து நின்றார்.

பின்னர் ஆய்வாளர்கள் இறந்தவர்களின் வீடுகளைத் தேடிப்போய், உயிர்தப்பிய முதியவர்களின் வீடுகளோடு ஒப்பிட்டார்கள். கூரைக்கு நேர்கீழே படுக்கையறை இருந்தவர்களுக்கு ஆபத்து கூடுதல். மெல்லிய உடுப்போடு இருந்தவர்களுக்கும், உடம்பை நனைத்துக்கொண்டவர்களுக்கும் குறைவு. அதை வாசித்தபோதுதான் எங்கள் பழைய அறையை நினைத்து எனக்கு நெஞ்சு திக்கென்றது. அன்று நாங்கள் தப்பியது ஊர் வெயில் பழகியதால் அல்ல, இருபத்தைந்து வயது என்பதால்.

2004இலிருந்து அரசு ஒவ்வொரு கோடைக்கும் வெப்பத்திட்டம் வைத்திருக்கிறது. தனித்திருக்கும் முதியவர்கள் நகரசபையில் பெயர் பதிந்தால் வெக்கை நாட்களில் ரெலிபோன் எடுத்து விசாரிக்கிறார்கள். எங்கள் ஆட்கள் எத்தனை பேர் பதிந்திருக்கிறார்கள்? "நான் என்ன கிழவனே?" என்பார்கள்.

2019 யூலை 25ஆம் திகதி பாரிசில் 42.6 பாகை. நகரில் அதுவரை பதிவாகாத வெப்பம். என்னோடு 1986இல் அறையில் இருந்தவர்களில் மூத்தவரான அண்ணை இப்போதும் உச்சி மாடியில்தான் தனியே. ரெலிபோன் எடுத்தேன். "ஊரிலை காணாத வெயிலே தம்பி, நீ உன்ரை வேலையைப் பார்" என்றார். குரல் இழுபட்டது. வேலை முடிந்து நேரே போனேன். படியேறும்போது ஒவ்வொரு மாடிக்கும் வெக்கை கூடிக்கொண்டே போனது. கதவைத் திறந்தவர் சேட்டுப் பொத்தானைக் கழுத்துவரை பூட்டியிருந்தார். போத்தல் தண்ணீர் தொடப்படாமல் இருந்தது. பேசிப் பயனில்லை என்று கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்தேன்.

எங்கள் வீடு முதல் மாடி. ஈரத்துவாயால் முகம் கழுத்தைத் துடைத்துவிட்டு, மனைவி கரைத்துக் கொடுத்த மோரைக் குடித்தார். கட்டில் வேண்டாம் என்று கோலில் வெறும் தரையில் பாயை விரித்தார். அடுத்தநாள் காலை ஒன்பது மணிவரை அவர் அசையவில்லை. நான்தான் இரண்டு தடவை எழும்பிப்போய் மூச்சு வருகிறதா என்று பார்த்தேன்.