அஞ்சறைப்பெட்டியில் ஒரு குடும்பம்

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள்.

ஐரோப்பாவில் வேலை பார்க்கும் பழைய மாணவர் ஒருவர், கடையில் வாங்கிய காய்ந்த விதைப் பொட்டலத்தைப் படமெடுத்து அனுப்பி, "சார், இது ஏஞ்சலிகா விதையாம். நம்ம ஊர்ல இதுக்கு என்ன பேரு?" என்று கேட்டிருந்தார். நம் ஊரில் அதற்குப் பெயர் கிடையாது. நார்வே, ஐஸ்லாந்து பக்கம் வளரும் குளிர்தேசத்துச் செடி அது. தண்டைச் சர்க்கரைப் பாகில் ஊறவைத்துக் கேக்கில் சேர்ப்பார்கள். விதையும் வேரும் ஜின், வெர்மூத் போன்ற மதுவகைகளுக்கு மணம் கொடுக்கும். வயிற்று உப்புசத்துக்கு விதையைக் கொதிக்கவைத்துக் குடிக்கும் பழக்கமும் உண்டு. இதன் இனத்துச் செடி ஒன்று நம் இமயமலையில் இருக்கிறது. அதன் வேரைக் குமாவுன் பகுதியில் கந்த்ராயணி என்று சொல்லிப் பருப்பில் தாளிக்கிறார்கள். ஈரானியர் கடைகளில் ஏஞ்சலிகா என்று சீட்டு ஒட்டி விற்பது பெரும்பாலும் கோல்பர் என்கிற வேறொரு செடியின் விதை. எந்தக் கடையில் வாங்கினீர்கள் தம்பி?

அந்தச் செடிதான் நம்மிடம் இல்லை. அதன் சொந்தபந்தமெல்லாம் காரைக்குடி வீடுகளில்தான் குடியிருக்கிறது. சீரகம், சோம்பு, மல்லி, ஓமம், சதகுப்பை எல்லாம் ஒரே தாவரக் குடும்பம். குடையை விரித்த மாதிரி பூக்கும். நாம் விதை என்று சொல்வது உண்மையில் காய்ந்த கனி. அதன் முதுகில் உள்ள வரிகளுக்கு இடையே நுண்ணிய எண்ணெய்க் குழாய்கள் ஓடுகின்றன. உள்ளங்கையில் வைத்துக் கசக்கினால் மணம் வருவது அதனால்தான். எகிப்தில் துத்தன்காமன் கல்லறையில் கிடைத்த பொருள்களில் மல்லியும் ஒன்று. சுமார் 3,300 வருஷத்து மல்லி!

சமையலைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. சோம்பு இல்லாத செட்டிநாட்டுக் கோழிக்குழம்பைக் குழம்பு என்று நான் ஒத்துக்கொள்ள மாட்டேன், அவ்வளவுதான்.

வரலாறு ஓமத்தில்தான் இருக்கிறது. ஓமத்தின் காரத்துக்குக் காரணம் தைமால் என்கிற பொருள். முதல் உலகப் போருக்கு முன்பு இந்தியாவிலிருந்து ஓமம் கப்பலேறி ஜெர்மனிக்குப் போகும். அங்கே எண்ணெய் வடித்துத் தைமாலைப் பிரித்து உலகமெங்கும் விற்றார்கள். 1914-இல் போர் வந்ததும் அந்த வழி அடைபட்டது. அதன் பிறகுதான் இங்கேயே தைமால் எடுக்க முயற்சிகள் நடந்தன. விளைந்தது நம் நாட்டில், மருந்தானது அவர்கள் நாட்டில் என்பதை வகுப்பில் பருத்திக்குச் சொல்லியிருக்கிறேன். ஓமத்துக்கும் அதே கதைதான்.

அந்தத் தைமால் எதற்குப் பயன்பட்டது? கொக்கிப்புழுவுக்கு. வெறுங்காலோடு ஈரமண்ணில் நடப்பவர்களின் பாதத் தோல் வழியாக நுழைந்து, குடலில் ஒட்டிக்கொண்டு ரத்தத்தை உறிஞ்சும் புழு அது. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போன நம் ஜனங்களை அது வாட்டி எடுத்தது. ராமநாதபுரம், புதுக்கோட்டை, திருச்சி என்று வறண்ட சீமைகளிலிருந்து போனவர்கள். அன்றைக்கு நம் சிவகங்கையும் ராமநாதபுரம் மாவட்டத்தில்தான் இருந்தது. தனி மாவட்டமானது 1985-இல். 1916-இல் அமெரிக்காவின் ராக்பெல்லர் அறக்கட்டளை இலங்கையில் கொக்கிப்புழு ஒழிப்பு வேலையைத் தொடங்கியது. அந்தக் காலத்தில் தைமால் கொடுக்கும் முறை கொஞ்சம் கடுமையானது. முதல்நாள் இரவே பேதிக்குக் கொடுத்து வயிற்றைக் காலி செய்துவிட்டு, காலையில் மருந்து. அன்றைக்கு எண்ணெய்ப் பண்டமும் சாராயமும் கூடாது, சேர்ந்தால் மருந்து ரத்தத்தில் ஏறி விஷமாகிவிடும். அப்பத்தா வயிற்றுவலிக்குக் கொடுத்த அதே ஓமத்தின் சாரம், அளவு கூடினால் ஆளையே சாய்த்துவிடும்.

அதே காலத்தில் இங்கே செட்டிநாட்டு வீடுகளில் ஆண்கள் பர்மா, மலாயா என்று தவணைக்கு மூன்று வருஷம் போய்விடுவார்கள். பேறுகாலம் பார்த்ததெல்லாம் பெண்கள்தான். பிள்ளை பெற்றவளுக்குக் கிண்டும் லேகியத்தில் சுக்கு, மிளகு, திப்பிலி, ஓமத்தோடு சதகுப்பையும் சேரும். பனைவெல்லப் பாகில் நெய்யும் நல்லெண்ணெயும் விட்டுச் சுருளக் கிண்டுவார்கள். சதகுப்பை மாதவிலக்கைத் தூண்டும் என்று நாட்டு மருத்துவத்தில் சொல்வதால் பிள்ளை பெற்ற பிறகுதான் கொடுப்பார்கள். கர்ப்பிணிக்குக் கொடுக்க மாட்டார்கள். இதைப் பெண்பிள்ளைகள் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இதே சதகுப்பை இனத்தின் எண்ணெயைச் சேர்த்துத்தான் 1851-இல் இங்கிலாந்தின் நாட்டிங்காம் நகரில் வில்லியம் உட்வர்ட் என்ற மருந்துக்கடைக்காரர் கிரைப் வாட்டர் செய்தார். பிறகு அது நம் நாட்டுக்கே பாட்டிலில் வந்து சேர்ந்தது. அதில் முன்பு மதுசாரமும் இருந்தது. பிரிட்டனில் 1990-களில்தான் எடுத்தார்கள்.

இதையெல்லாம் எழுதக் காரணம் உண்டு. நம் உறவில் ஒரு வீட்டில் இரண்டு மாதப் பிள்ளைக்கு ஓமத்தண்ணி கொடுப்பதா வேண்டாமா என்று மாமியாருக்கும் மருமகளுக்கும் மனத்தாங்கல். என்னையும் இழுத்தார்கள். என் கட்சி மருமகள் கட்சி. ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும், தண்ணீர்கூட வேண்டாம் என்றுதான் உலக சுகாதார நிறுவனமும் சொல்கிறது. ஆத்தா, உங்கள் கைப்பக்குவத்தை நான் குறை சொல்லவில்லை. லேகியத்தைக் கிண்டி மருமகளுக்குக் கொடுங்கள், அவளுக்குத்தான் அது. பிள்ளை வீறிட்டு அழுதால் டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போங்கள்.

வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. காட்டில் குடைப்பூ பூத்திருக்கிறதே என்று பறித்து வாயில் போடாதீர்கள். கி.மு. 399-இல் சாக்ரடீசுக்குக் கொடுத்த ஹெம்லாக் விஷச் செடியும் இதே குடும்பம்தான்.

மலேசியாவில் இருக்கும் சொந்தங்கள் கடையில் சோம்பு கிடைக்கவில்லை என்று சொன்னார்கள். ஜிந்தான் மானிஸ் என்று கேளுங்கள். மலாய் மொழியில் அதற்கு இனிப்புச் சீரகம் என்று பொருள், நம் சோம்பேதான்.