கல மென்சவ்வின் புரதங்கள்

உயிர்க்கலத்தைச் சூழ்ந்துள்ள மென்சவ்வு கொழுப்பாலும் புரதத்தாலும் ஆயது. கொழுப்பின் இடம் முன்னரே துணியப்பட்டது. புரதத்தின் இடத்தைத் துணிய அறிஞர்க்கு மேலும் அரை நூற்றாண்டு சென்றது.

1925ஆம் ஆண்டில் ஒல்லாந்து தேசத்து லெய்டன் நகரிலே கோற்றர், கிறெண்டெல் என்னும் இருவர் செங்குருதிக் கலங்களின் கொழுப்பை அசற்றோனாற் பிரித்து, நீரின்மேல் ஒரு மூலக்கூற்றுத் தடிப்பினதாகப் பரப்பினர். அது அக்கலங்களின் மேற்பரப்பைப்போல் இருமடங்காயிற்று. ஆகவே, மென்சவ்வு ஈரடுக்குக் கொழுப்பு என்றனர். உண்மையில் அவர்கள் கொழுப்பு முழுவதையும் பிரித்திலர். கலத்தின் பரப்பையும் குறைத்தே கணித்தனர். இருபிழையும் ஒன்றையொன்று ஈடுசெய்ய, முடிபு மெய்யாய் நின்றது. விஞ்ஞான வரலாற்றில் இத்தகைய நற்பேறு அரிது.

1935இல் டானியெல்லியும் டேவ்சனும் புரதத்துக்கு இடம் வகுத்தனர். கொழுப்பின் இருபுறமும் சுவர்மேற் சாந்துபோலப் புரதம் படிந்துள்ளது என்பது அவர் கொள்கை. 1959இல் றொபேட்சன், இலத்திரன் நுணுக்குக்காட்டியில் தோன்றிய இரு கருங்கோடுகளை அதற்குச் சான்றாகக் காட்டினார். கண்ணாற் கண்டதாகலின் பலரும் ஐயுற்றிலர்.

ஆயின், 1957இலேயே தென்மார்க்கு நாட்டு அறிஞர் ஸ்கூ நண்டின் நரம்பில் ஒரு நொதியத்தைக் கண்டிருந்தார். சோடிய அயன் மூன்றை வெளியேற்றிப் பொற்றாசிய அயன் இரண்டை உட்கொணரும் பம்பி அதுவே எனப் பின்னர்த் தெளிவாயிற்று. சாந்தாய்ப் பூசப்பட்ட பொருள் சுவரினூடே பண்டமாற்றுச் செய்தல் எங்ஙனம்?

இதற்கு இடந்தரும் கொள்கையை 1972இல் சிங்கரும் நிக்கல்சனும் வெளியிட்டனர். கொழுப்பு பாய்மத் தன்மையது; புரதங்களுட் பல அதனுள்ளே பதிந்தும் அதனை ஊடுருவியும் நிற்பன என்றனர். உப்புக்கரைசல் முதலியவற்றால் எளிதிற் பிரிவன புறவமை புரதங்கள். சவர்க்காரம் போன்ற பொருளாற் கொழுப்பைக் குலைத்தாலன்றிப் பிரியாதன உள்ளமை புரதங்கள். 1975இல் எண்டர்சனும் அன்வினும், உப்புநீரில் வாழும் நுண்ணுயிரொன்றின் புரதம் ஏழு கோல்களாய் மென்சவ்வை ஊடறுத்து நிற்பதைக் காட்டினர்.

எனினும், கலத்தினுள் நீர் விரைந்து புகும் வழி புலப்படாதிருந்தது. அமெரிக்க அறிஞர் பீற்றர் ஆகிரே குருதியின் றீசசுப் புரதத்தை ஆராயுங்கால், 28,000 மூலக்கூற்று நிறையுள்ள வேறொரு புரதம் இடையே தோன்றிற்று. 1992இல் அதனைத் தவளை முட்டையில் உண்டாக்கி ஐதான கரைசலில் இட்டபோது, முட்டை வீங்கி வெடித்தது. அப்புரதமில்லா முட்டை வெடித்திலது. ஆகிரே 2003இல் நோபல் பரிசைப் பகிர்ந்து பெற்றார். கோற்றர் ஆராய்ந்த செங்குருதிக் கலத்திலேயே அந்நீர்வாயில் அதுகாறும் மறைந்திருந்தது. சிறுநீரகம் நாடோறும் வடிக்கும் ஏறத்தாழ 180 லீற்றர் நீரிற் பெரும்பங்கு இவ்வாயிலினூடேயே குருதிக்கு மீள்கின்றது.