ஓடுதளத்துக்கு அடியில் ஓடும் ஆறு

சென்னை விமான நிலையத்தின் செயற்கைக்கோள் படத்தைத் திறந்து பாருங்கள். இரண்டாவது ஓடுதளம் வடமேற்காக நீண்டுபோய், அடையாற்றைத் தாண்டி மறுகரையில் முடிகிறது. ஆற்றின் மேல் ஏறத்தாழ 200 மீட்டருக்குப் பாலம் போட்டு, பாலத்தின் மேல் ஓடுதளம். கீழே தண்ணீர், மேலே விமானம். பொறியியல் என்று பார்த்தால் சாதனைதான். ஆனால் ஆற்றைத் தாண்டியாவது ஓடுதளத்தை நீட்டியாக வேண்டும் என்ற நிலைமை ஏன் வந்தது என்று தேட ஆரம்பித்தபோதுதான், இது மீனம்பாக்கத்துக்கு மட்டும் உரிய கதை இல்லை என்று எனக்குப் புரிந்தது.

விமான நிலையத்துக்கு எப்படிப்பட்ட நிலம் தேடுவார்கள்? தட்டையாக இருக்கணும், வீடுகள் குறைவாக இருக்கணும், ஊருக்குப் பக்கத்தில் இருக்கணும், விலை மலிவாக இருக்கணும். தொண்டை மண்டலத்தில் இந்த நாலும் பொருந்திவருகிற நிலம் எது? ஏரி உள்வாய், ஆயக்கட்டு, ஆற்றின் வெள்ளப் படுகை. அங்கே வீடு இல்லாததற்குக் காரணம், வருஷத்தில் சில நாள் அது தண்ணீரின் இடம் என்று ஊர்க்காரர்களுக்குத் தெரியும் என்பதுதான். வரைபடத்தில் அது ‘காலி இடம்’ ஆகிவிடுகிறது.

மீனம்பாக்கத்துக்கு ஒரு பக்கம் திரிசூலம் மலை, மறுபக்கம் அடையாறு. சற்று மேலே திருநீர்மலை. திருமங்கையாழ்வார் அங்கே வந்தபோது மலையைச் சுற்றித் தண்ணீர் நின்றதாகவும், அது வடிய ஆறு மாதம் காத்திருந்ததாகவும், அதனால்தான் ‘நீர்மலை’ என்று பெயர் வந்ததாகவும் தல வரலாறு சொல்கிறது. நடந்ததோ இல்லையோ, அந்தப் பகுதியின் நில அமைப்பை இதைவிடச் சுருக்கமாக யாரும் சொல்லிவிட முடியாது.

1932 அக்டோபர் 15 அன்று ஜே.ஆர்.டி. டாட்டா கராச்சியிலிருந்து பம்பாய்க்குத் தபால் விமானம் ஓட்டிவந்தார். அங்கிருந்து பெல்லாரி வழியாகச் சென்னைக்கு அதைக் கொண்டுவந்தவர் நெவில் வின்சென்ட். அந்தக் காலத்துச் சின்ன விமானங்களுக்குப் புல்வெளியே போதும். மழை பெய்தால் மண் குடித்துக்கொள்ளும். ஜெட் வந்த பிறகுதான் கிலோமீட்டர் கணக்கில் கான்கிரீட் தேவைப்பட்டது. ஓடுதளம் நீள நீள, பக்கத்திலிருந்த ஆறு தடையாகிப் போச்சு.

பம்பாயில் இது இன்னும் முன்பே நடந்துவிட்டது. விகார், பவாய் ஏரிகளின் உபரி நீரைக் கொண்டுவரும் மித்தி நதி, மொத்தமே 18 கிலோமீட்டர் சொச்சம்தான். சாந்தாகுரூஸ் விமான நிலையம் விரிந்தபோது, நதியைக் கிட்டத்தட்டச் செங்கோணமாகத் திருப்பித் திருப்பி ஓடுதளத்துக்கு அடியில் விட்டார்கள். 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மி.மீ. மழை. அதே ஊரின் தெற்கு முனையான கொலாபாவில் 75 மி.மீ. கூட இல்லை. விமான நிலையம் மூழ்கியது. பின்னர் ஆராய்ந்த மாதவ் சித்தலே குழு, மித்தியின் பாதை குறுக்கப்பட்டதையும் வளைக்கப்பட்டதையும் விரிவாகப் பேசியது.

பத்து வருஷம் கழித்து நம் முறை. 2015 டிசம்பர் 2 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ., செம்பரம்பாக்கத்தில் 47 செ.மீ. ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி திறந்துவிட்டார்கள். அதைப் பற்றித்தான் இன்றுவரை சண்டை. எனக்கு என்னவோ அந்தச் சண்டையில் பாதிக் கதை விட்டுப்போவதாகவே படுகிறது. ஆதனூர், மணிமங்கலம், முடிச்சூர்ப் பக்கத்து ஏரிகளுக்கு மதகைத் திறப்பதா மூடுவதா என்ற கேள்வியே கிடையாது. நிரம்பினால் கலங்கல் வழியாக வழியும், அவ்வளவுதான். அந்தத் தண்ணீரும் செம்பரம்பாக்கத்துத் தண்ணீரும் சேர்ந்துதான் விமான நிலையத்தை நோக்கி வந்தன. மீனம்பாக்கத்தில் நின்றிருந்த விமானங்களின் சக்கரங்கள் மூழ்கின. பயணிகள் சேவை நாலு நாளுக்கு மேல் நின்றுபோய், அரக்கோணம் கடற்படைத் தளத்திலிருந்து ஆட்களை ஏற்றி அனுப்பினார்கள்.

இதன் மறுபக்கம் 2019. ஏரிகள் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்ததே, ஞாபகம் இருக்கும். ஒரு ரயிலுக்கு 25 லட்சம் லிட்டர். ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். மீனம்பாக்கத்தின் முதன்மை ஓடுதளம் சுமார் 3,660 மீட்டர் நீளம், 45 மீட்டர் அகலம். சென்னையின் ஆண்டு மழை 1,400 மி.மீ. என்று வைத்துக்கொண்டால், அந்த ஒரு பட்டையின் மேல் மட்டும் விழுகிற தண்ணீர் சுமார் 23 கோடி லிட்டர். தொண்ணூற்றிரண்டு ரயில்! நிறுத்துமிடங்களையும் கூரைகளையும் இதில் சேர்க்கவில்லை.

அப்படியானால் பக்கத்திலேயே ஏரி வெட்டிச் சேமிக்கலாமே என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. சிக்கல் பறவைகள். திறந்த நீர் இருந்தால் கொக்கும் நாரையும் வரும். எஞ்சினுக்குள் ஒரு பறவை போனால் போதும், ஆபத்து. ஆக, நம் ஊர் நூற்றாண்டுகளாகப் பழகிய முறையே விமான நிலையத்துக்கு ஆகாது. ஓடுதளத்தில் 3 மி.மீ.க்கு மேல் நீர் தேங்கினாலும் தரையிறங்குவது சிக்கலாகும் என்பதால், விழுந்த மழையை உடனே வெளியேற்றுவதுதான் அவர்களுடைய முதல் வேலை. பிடித்து வைப்பது அதற்கப்புறம்தான். இரண்டையும் சேர்த்துச் செய்ய முடியாது என்றும் இல்லை. சிங்கப்பூர் சாங்கியில் மழைநீரைத் தேக்கங்களில் சேர்த்துத் தீயணைப்புப் பயிற்சிக்கும் கழிப்பறைகளுக்கும் பயன்படுத்துகிறார்கள். டெல்லியில் முந்நூறுக்கு மேற்பட்ட உறிஞ்சு குழிகள்.

கொச்சியைப் பார்த்தால் வேறொரு முரண். 2015இல் முழுக்கச் சூரிய மின்சாரத்தில் இயங்கும் முதல் விமான நிலையம் என்று உலகமே பாராட்டியது. பாராட்ட வேண்டியதுதான். ஆனால் பெரியாற்றுப் படுகையில், செங்கல்தோட்டைத் திருப்பிவிட்டுக் கட்டிய நிலையம் அது. 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் இரண்டு வாரம் மூடிக் கிடந்தது, சுற்றுச்சுவர் கிலோமீட்டர் கணக்கில் சரிந்தது. அடுத்த ஆண்டும் தண்ணீர் வந்தது. அதற்குப் பிறகுதான் சுற்றுவட்டத் தோடுகளைத் தூர்வாரி வடிகால்களைச் சீரமைக்கும் வேலையில் நிர்வாகம் பெரிதாக இறங்கியது.

இப்போது பரந்தூர். திட்டத்துக்குக் குறித்த நிலத்தில் நாலில் ஒரு பங்குக்கு மேல் நீர்நிலைகள். நடுவே கம்பன் கால்வாய். ஏகனாபுரம் மக்கள் 2022லிருந்து போராடுகிறார்கள். நீரியல் ஆய்வுக்கு அரசு குழு அமைத்தது. கால்வாயை மாற்றுப் பாதையில் விடலாம் என்கிறார்கள். நான் கேட்க விரும்புவது இவ்வளவுதான்: நெல்வாய் ஏரியின் கலங்கல் எந்த உயரம், மாற்றுக் கால்வாயின் தரைமட்டம் எந்த உயரம், 2015 போல ஒரு நாளில் 49 செ.மீ. பெய்தால் அது எத்தனை கன அடியைத் தாங்கும்? இந்த மூன்று எண்களையும் ஏகனாபுரத்துப் பஞ்சாயத்துப் பலகையில் எழுதிப்போடலாம்.