கடல் வளர்த்த வீரர்

விளையாட்டுக் களத்தில் பெற்ற புகழோடு திரையுலகம் புகுந்தோர் பலர். களத்தில் முதல்வராய் விளங்கியவருக்குத் திரையிலும் முதலிடம் கிட்டியதா? இவ்வினாவிற்கு டியூக் கஹனமோக்குவின் வாழ்க்கை விடை கூறுகிறது.

பசிபிக் பெருங்கடலின் நடுவேயுள்ள ஹவாய்த் தீவுகளின் தலைநகர் ஹொனலுலுவில் 1890ஆம் ஆண்டு ஆகஸ்டு 24ஆம் நாள் அவர் பிறந்தார். அன்று ஹவாய் ஒரு தனி முடியரசு. 1893இல் அம்முடியாட்சி கவிழ்க்கப்பட்டது. 1898இல் தீவுகள் அமெரிக்காவுடன் இணைக்கப்பட்டன. அரசிழந்த மக்களிடையே, வைக்கிக்கிக் கடற்கரையில் நீந்தியும் பலகைமீது நின்று அலையில் சறுக்கியும் அவர் வளர்ந்தார்.

1911 ஆகஸ்டில் ஹொனலுலு துறைமுகத்தில் நடந்த போட்டியில் 100 கெஜத் தொலைவை 55.4 வினாடிகளில் நீந்திக் கடந்தார். அது அன்றைய உலகச் சாதனையினும் நான்கு வினாடிகளுக்குமேல் விரைவானது. அமெரிக்கப் பெருநிலத்து விளையாட்டு அலுவலர்கள் அதனை நம்பாது, ஏற்க மறுத்தனர். அவர்களுக்குரிய விடை நீரிலேயே கிடைத்தது. 1912 ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்கில் 100 மீட்டர் நீச்சலில் தங்கப் பதக்கம் வென்றார். போரினால் 1916 ஒலிம்பிக் நடைபெறவில்லை. ஆயினும் 1920இல் ஆண்ட்வெர்ப்பில், முப்பதாம் அகவையில், அதே போட்டியிலும் நால்வர் அஞ்சல் நீச்சலிலும் தங்கம் பெற்றார். 1924 பாரிஸ் ஒலிம்பிக்கில் இளைஞர் ஜானி வைஸ்முல்லர் அவரை முந்தினார். டியூக்கிற்கு வெள்ளி, அவர் தம்பி சாமுவேலுக்கு வெண்கலம்.

இருவருமே ஹாலிவுட்டை அடைந்தனர். 1932இல் வைஸ்முல்லர் டார்சானாகத் தோன்றி உலகப் புகழ் எய்தினார். டியூக்கிற்கோ பழங்குடித் தலைவர் போன்ற சிறு வேடங்களே வாய்த்தன. 1955இல் வெளிவந்த 'மிஸ்டர் ராபர்ட்ஸ்' படத்திலும் அவர் ஒரு தீவுத் தலைவரே. கதைத்தலைவன் வெள்ளையனாகவே இருத்தல் வேண்டும் என்பது அக்காலத் திரையுலகின் எழுதாச் சட்டம்.

ஆனால், ஒளிப்படக் கருவி இல்லாத இடத்தில் அவர் உண்மையான தலைவராய் நின்றார். 1925 ஜூன் 14ஆம் நாள் கலிபோர்னியாவின் நியூபோர்ட் கடற்கரையருகே ஒரு படகு கவிழ்ந்தது. கொந்தளிக்கும் கடலில் தம் அலைப்பலகையுடன் மீண்டும் மீண்டும் பாய்ந்து, எட்டு உயிர்களைக் கரைசேர்த்தார். இயக்குநர் எவரும் எழுதித் தராத காட்சி அது!

1934 முதல் கால் நூற்றாண்டுக்கு மேலாக ஹொனலுலு மக்கள் அவரை ஷெரிப் பதவிக்குத் தேர்ந்தெடுத்தனர். 1968 ஜனவரியில் மறைந்த அவருடைய சாம்பல் வைக்கிக்கிக் கடலில் தூவப்பட்டது.

பிறர் நமக்கு அளிக்கும் வேடம் சிறிதாயிருக்கலாம்; வாழ்வும் சிறுத்துவிட வேண்டும் என்பதில்லை. மாணவர் இவ்வுண்மையை நெஞ்சிற் கொள்வாராக.