வெட்டுப்புள்ளிக்கு முந்தின கதை

நகரத்தில எது நல்ல பள்ளிக்கூடம் எண்டு கேட்டால், நாங்கள் உடனே தரம் 5 புலமைப்பரிசில் வெட்டுப்புள்ளியைத்தான் பாக்கிறம். 1940களில் கல்வி அமைச்சர் கன்னங்கராவின் காலத்தில், கெட்டிக்கார ஏழைக் கிராமத்துப் பிள்ளைகளை மத்திய பாடசாலைகளில் சேர்க்கத்தான் இந்தப் புலமைப்பரிசில் வந்தது. பிறகு அதே பரீட்சை பெரிய நகரப் பாடசாலைகளுக்கும் வாசலாகிவிட்டது.

உயர்தர விஞ்ஞானப் பிரிவுள்ள 1ஏபி பாடசாலை தரம் 6க்குக் கூடின புள்ளிக்காரரை எடுக்குது. தரம் 11ஓட முடியிற பக்கத்து வகை 2 பாடசாலை மற்றப் பிள்ளைகளைப் படிப்பிக்குது. கடைசியில் சாதாரணதரப் பெறுபேறை வைத்து இரண்டையும் ஒப்பிடுறம். ஆனால் இடைவெளி தரம் 6 வாசலிலேயே தொடங்கீட்டுது.

தரம் 6இல் வந்த பிள்ளை தரம் 9க்குள் எவ்வளவு முன்னேறினது எண்டு கேட்டுப் பாப்பம். 1945இல் இலவசக் கல்வி எல்லாப் பிள்ளைகளுக்கும் எண்டுதானே வந்தது.